டர்பனில் லிமோன்செல்லோ: 43 சதவீதக் கணக்கு

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் பீனிக்ஸில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தாலிக்குப் போனபோது சொரெண்டோவில் சாப்பாட்டுக்கு அப்புறம் சின்னக் கிளாசில் லிமோன்செல்லோ என்னும் இனிப்பு லெமன் மது கொடுத்தார்களாம், அந்த ருசி நாக்கிலேயே நின்றுவிட்டது. இங்கே வந்து பாட்டில் ஸ்டோர் என்னும் மதுக்கடையில் வாங்கியது இருமல் மருந்து மாதிரி இருந்திருக்கிறது. சரி, வீட்டு மரத்து லெமன் இருக்கிறதே என்று ஓர் இத்தாலியக் குறிப்பை அப்படியே பின்பற்றி, கேன் ஸ்பிரிட் என்னும் கரும்புச் சாராயத்தில் செய்து பார்த்தார். ஃப்ரீசரில் வைத்தால் கட்டியாக உறைகிறது, குடித்தால் கசக்கிறது. எங்கே தப்பு, நல்ல பாட்டில் எப்படிப் பார்த்து வாங்குவது, வீட்டில் செய்த சாராயம் குடித்தால் கண் போய்விடும் என்று மாமியார் சொல்வது நிஜமா, இதுதான் கேள்வி.

மாமியார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் பயப்படுவது மெத்தனாலுக்கு. கள்ளச்சாராயத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் லிமோன்செல்லோவில் நாம் எதையும் புளிக்க வைப்பதில்லை, காய்ச்சி வடிப்பதும் இல்லை. கடையில் சீல் வைத்து விற்கும் சாராயத்தில் லெமன் தோலை ஊறப்போட்டுச் சர்க்கரைப் பாகு கலக்கிறோம், அவ்வளவுதான். ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உண்டாக அதில் வழியே இல்லை. 2020 ஊரடங்கில் மார்ச் 27இலிருந்து மே கடைசி வரை மது விற்பனையை நிறுத்தியிருந்தார்களே, அப்போது கடையில் அன்னாசிப்பழம் கிடைக்காமல் போய் வீட்டுக்கு வீடு அன்னாசி பீர் புளித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி வேலை இல்லை இது. எதில் ஊறப்போடுகிறோம் என்பதில் மட்டும் விளையாடக் கூடாது. அடுப்புக்கு வாங்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட், மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர், இவை எல்லாம் குடிக்கக் கூடாது என்பதற்காகவே வேறு சரக்கு கலந்தவை. "70 சதவீதம், நல்ல வீரியம்" என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பேர் தெரியாத டப்பாவில் வரும் சரக்கும் அதே கணக்குதான்.

இனி உறைந்த கதைக்கு வருவோம். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. குறிப்பு வேறு நாட்டுச் சாராயத்துக்கு எழுதியது.

இத்தாலியில் சூப்பர்மார்க்கெட்டிலேயே 95, 96 சதவீதச் சுத்த ஆல்கஹால் பாட்டிலில் கிடைக்கும், மதுபானங்கள் செய்வதற்கென்றே. அவர்கள் குறிப்பெல்லாம் அதை வைத்துத்தான். ஒரு லிட்டர் ஆல்கஹால், ஒண்ணேகால் லிட்டர் தண்ணீர், 800 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும். சர்க்கரை கரைந்தாலும் இடம் எடுக்கும், கிராமுக்கு 0.62 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 800 கிராம் சர்க்கரைக்கு அரை லிட்டர். மொத்தம் 2,750 மில்லி, அதில் ஆல்கஹால் 960 மில்லி. வீரியம் 35 சதவீதம். அதனால்தான் அது ஃப்ரீசரில் கெட்டியாகிச் சொட்டுமே தவிர உறையாது.

இங்கே வோட்காவோ கேனோ சட்டப்படி 43 சதவீதம். அதே விகிதத்தில் 750 மில்லி கேனுக்கு 940 மில்லி தண்ணீரும் 600 கிராம் சர்க்கரையும் போட்டால் என்ன ஆகும்? பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால் சுமார் 322 மில்லி, மொத்த அளவு இரண்டு லிட்டருக்கு மேல். வீரியம் 16 சதவீதம் கூட வராது. வைனை விடக் கொஞ்சம்தான் அதிகம், உறையாமல் என்ன செய்யும். 25க்குக் கீழே இறங்கினாலே ஃப்ரீசரில் சொரசொரப்பு வர ஆரம்பிக்கும், 30இல் நின்றால் தொல்லை இல்லை.

நம் ஊருக்கான அளவு இது: 750 மில்லி 43 சதவீதச் சாராயத்துக்கு 250 கிராம் சர்க்கரை, 170 மில்லி தண்ணீர். தண்ணீர் இவ்வளவுதானா என்று கை தயங்கும். தயங்க வேண்டாம். வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கை சாராயக் கம்பெனியே ஊற்றிக் கொடுத்துவிட்டது, நாம் மிச்சத்தைத்தான் ஊற்றுகிறோம். கடைசியில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட வரும், 30 சதவீதத்தில். இனிப்பு கொஞ்சம் தூக்கலாக, வீரியம் தணிந்து வேண்டுமென்றால் 275 கிராம் சர்க்கரை, 230 மில்லி தண்ணீர். அப்போது 28 வரும், அதுவும் நல்ல இடம்தான். லேபிளில் 43 என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஸ்பிரிட் அபெரிடிஃப் என்ற பேரில் அதைவிட வீரியம் குறைந்த பாட்டிலும் அதே அலமாரியில் நிற்கும், விலை குறைவாக இருப்பதைப் பார்த்துக் கை அங்கேதான் போகும்.

எந்தச் சாராயம் என்றால், நான் கேன் பக்கம். மொலாசஸிலிருந்து வடித்தது, தனி வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விலையும் கட்டுப்படியாகும். நல்ல வோட்காவுக்கும் அதற்கும் லிமோன்செல்லோவில் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். 1860 நவம்பர் 16ஆம் தேதி மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே ஆட்களைக் கொண்டு வந்து இறக்கியதே கரும்புக் காட்டுக்காகத்தான். அந்தக் கரும்பின் சாராயத்தில் நேப்பிள்ஸ் பக்கத்துப் பானம் ஒன்றைச் செய்து அவர்கள் வம்சத்தார் குடிப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விட்பிளிட்ஸ் திராட்சையிலிருந்து வடிப்பது, பல பாட்டில்கள் 50க்கு மேல் போகும், எண்ணெயை நன்றாக இழுக்கும். ஆனால் திராட்சை வாசனை பின்னால் நிற்கும், பிடித்தவர்கள் செய்யலாம். பீச் பழத்து மாம்பூர் வேண்டாம், லெமனை அமுக்கிவிடும். 96 சதவீதச் சரக்கு பாட்டில் ஸ்டோர் அலமாரியில் இருக்காது. நாமே வடித்து வீரியம் ஏற்றுவதற்கு லைசென்ஸ் வேண்டும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

லெமன் விஷயத்தில்தான் நமக்கு யோகம். ஸ்பெயினுக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே அதிகமாக சிட்ரஸ் பழம் ஏற்றுமதி செய்யும் நாட்டில் உட்கார்ந்திருக்கிறோம். ஈஸ்டர்ன் கேப்பில் சண்டேஸ் ரிவர் பள்ளத்தாக்கு முழுக்க லெமன் தோட்டம், பெரும்பாலும் யுரேகா ரகம். சொரெண்டோவின் நீள்வட்ட லெமனும், அமால்ஃபியில் ஸ்ஃபுசாதோ என்னும் கூர்முனை லெமனும் தோலில் எண்ணெய் தடித்தவை, ஐரோப்பியச் சட்டத்தில் ஊர்ப் பேரோடு பாதுகாப்பு வாங்கியவை. நம் யுரேகா அந்த வாசனைக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. ஆனால் அன்று பறித்த யுரேகா, பெட்டியில் பல வாரம் கிடந்து வந்த எந்தப் பெரிய பேர் லெமனையும் தோற்கடிக்கும்.

நமக்கு வேண்டியது சாறு அல்ல, மஞ்சள் தோலில் புள்ளி புள்ளியாக இருக்கும் எண்ணெய்ப் பைகள். அதனால் கடைப் பழத்தில் ஒரு சிக்கல். பேக்கிங் ஹவுஸில் பழம் அழுகாமலிருக்க இமசாலில், தயாபெண்டசோல் மாதிரி பூஞ்சை மருந்தும், பளபளப்புக்கு மெழுகும் பூசுவார்கள். சுடுதண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் மெழுகு ஓரளவு போகும், தோலுக்குள் இறங்கிய மருந்து முழுதாகப் போகாது. சாறு பிழிகிறவர்களுக்கு அது பெரிய கவலை இல்லை. தோலையே சாராயத்தில் ஊறப்போடுகிற நமக்குக் கவலைதான். வீட்டு மரம், தெரிந்தவர் வீட்டு மரம், இல்லையென்றால் மெழுகு போடாத பழம் விற்கும் ஃபார்ம் ஸ்டால், இந்த வரிசையில் தேடுங்கள். வார்விக் எர்லி மார்னிங் மார்க்கெட்டில் விற்கிறவரிடமே கேட்டுவிடலாம். பளபளக்காமல், இலையோடு காம்பு ஒட்டிக்கொண்டு, அளவு சின்னதும் பெரிதுமாக இருந்தால் நல்ல அறிகுறி.

வீட்டு மரம் என்றீர்கள். அங்கே ஒன்று பார்க்க வேண்டும். பழத்தின் தோல் கரடுமுரடாக, முண்டும் முடிச்சுமாக இருக்கிறதா? அப்படியானால் அது யுரேகா இல்லை, ரஃப் லெமன். இந்த நாட்டில் சிட்ரஸ் கன்றுகளை ரஃப் லெமன் வேரில் ஒட்டுக் கட்டுவது பழைய வழக்கம். மேலே ஒட்டிய கிளை பட்டுப்போய், கீழேயிருந்து வேர்ச்செடி கிளம்பி மரமாகிவிட்ட வீடுகள் நிறைய உண்டு. தாத்தா நட்டது என்னவோ நல்ல ரகம், இப்போது காய்ப்பது இது. அடிமரத்தில் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒட்டுத் தழும்பு தெரியும், கிளைகள் அதற்குக் கீழே புறப்பட்டிருந்தால் விஷயம் அதுதான். ஊறுகாய்க்கு அருமையான பழம். லிமோன்செல்லோவுக்கு வெள்ளைச் சதை அதிகம், சீவும்போது மேடு பள்ளத்தில் கத்தி இறங்கிக் கசப்பும் கூடவே வந்துவிடும். நீங்கள் சொல்லும் கசப்பில் பாதி இதனால் இருக்கலாம்.

தோலில் கறுப்புப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம். டர்பன் ஈரக்காற்றில் லெமனுக்கு வரும் பூஞ்சைப் புள்ளி அது. அந்தப் புள்ளியை வைத்துத்தான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இந்த நாட்டுக்கும் பல வருஷத் தகராறு. நமக்கு அது தோல் மேல் உள்ள கறை மட்டும், அந்த இடத்தை விட்டுவிட்டுச் சீவலாம். அதே மாதிரி, கடற்கரைப் பக்கம் இரவுக் குளிர் போதாததால் பழம் முற்றினாலும் முழு மஞ்சளாகாமல் பச்சை ஓடியிருக்கும். அதுவும் நல்லதுதான். பாதி பச்சையில் வாசனை கூர்மையாக இருக்கும்.

சீவுவதில் அவசரப்படாதீர்கள், மொத்த வேலையில் கையும் கண்ணும் கேட்பது இது ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு பழத்தைக் கழுவி, துடைத்து, ஈரம் காயவிடுங்கள். உருளைக்கிழங்கு சீவும் பீலர் போதும், கூர்மையாக இருக்க வேண்டும். அழுத்தாமல் மேலாக இழுத்தால் தோல் ரிப்பனாக வரும். ரிப்பனைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கமும் மஞ்சள் புள்ளி தெரிந்தால் சரி. வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் பலகையில் கவிழ்த்துப் போட்டு, சின்னக் கத்தியைப் படுக்கவைத்துச் சுரண்டி எடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் 96 சதவீதத்தில் ஊறப்போடும் இத்தாலியர்களுக்கு அந்த வெள்ளை ஓரளவு மன்னிக்கும், நமக்கு மன்னிக்காது. நம் சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீரில் கரையும் கசப்பெல்லாம் அதில் இறங்கிவிடும். பத்துப் பழத்தில் சுமார் 100 கிராம் தோல் தேறும். துருவியில் துருவினால் எண்ணெய் சீக்கிரம் இறங்கும், வடிகட்டும்போது உயிர் போகும்.

தோல் போன பழம் சீக்கிரம் காய்ந்து பூஞ்சை பிடிக்கும். அன்றைக்கே பிழிந்து ஐஸ் தட்டில் ஊற்றிவிடுங்கள், ரசத்துக்கும் லெமன் சாதத்துக்கும் மாதக்கணக்கில் ஆகும். சாற்றை லிமோன்செல்லோவில் ஊற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஊற்ற வேண்டாம். இது தோலின் பானம், புளிப்பு இதில் கிடையாது.

ஜாடி கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். லெமன் எண்ணெயில் முக்கால்வாசி லிமோனீன், அது சில பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும். ஊறுகாய் ஜாடியை எடுத்தால் கண்ணாடியைக் கழுவிவிடலாம், மூடியின் ரப்பர் வளையத்தில் ஏறிய கடுகு மசாலா வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மூடி மட்டும் புதிதாக வாங்குங்கள். தோல் முழுக்க மூழ்கும்படி கேனை ஊற்றி, இருட்டான அலமாரியில் வைத்து, நினைவு வரும்போதெல்லாம் குலுக்குங்கள். 96இல் சில நாளில் முடியும் வேலை 43இல் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நாள் எண்ணுவதைவிடத் தோலைப் பார்ப்பது மேல். வெளிறிப்போய், எடுத்து மடித்தால் நெகிழாமல் விறைப்பாக இருந்தால் எண்ணெய் இறங்கிவிட்டது. அதற்கு மேல் விட்டால் இறங்குவது கசப்புதான். மாதக்கணக்கில் ஊறினால் நல்லது என்பது ஊறுகாய்க்குப் பொருந்தும், இதற்கு இல்லை. உங்கள் தோல் எவ்வளவு நாள் கிடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, மிச்சக் கசப்பு அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம்.

பாகு காய்ச்ச வெள்ளைச் சர்க்கரை. பழுப்புச் சர்க்கரை நிறத்தையும் மங்கடித்து வெல்ல வாசனையும் கொண்டுவந்துவிடும். தண்ணீரில் கரையும் வரை சூடு காட்டி, முழுதாக ஆறவிடுங்கள். சூடான பாகை ஊற்றினால் பாடுபட்டு இறக்கிய வாசனை ஆவியாகிப் போகும், அதோடு கேஸ் அடுப்புப் பக்கத்தில் சாராயத்தைத் திறந்து வைப்பது புத்திசாலித்தனமும் இல்லை. தோலை எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் ஒரு தரம், காபி ஃபில்டர் தாளில் ஒரு தரம் சாராயத்தை வடித்து, ஆறிய பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற லேசாகக் கலங்கும். ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய், தண்ணீர் கூடியதும் கரைய முடியாமல் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரிந்து நிற்பதால் வரும் கலங்கல் அது. கெட்டுப்போனது என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். நம் சாராயத்தில் எண்ணெய் குறைவாக இறங்குவதால் இத்தாலிப் பாட்டிலின் பால் மாதிரியான மஞ்சள் வராது. நிறத்துக்காகக் கேசரிப் பவுடரைத் தொட வேண்டாம். ஏலக்காய் தட்டிப் போடலாமா என்று கேட்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். போடலாம், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பானம்.

கலந்த அன்றைக்குக் குடித்தால் சாராயம் தனியாக, பாகு தனியாக நாக்கில் தெரியும். மூன்று நான்கு வாரம் பாட்டிலில் கிடந்தால் அடங்கும். நம் நாட்காட்டிக்கு இது வசதியாக விழுகிறது. லெமன் குவியும் ஜூனில் தோலை ஊறப்போட்டுவிட்டால், ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும் சமயத்தில் பாட்டில் அலமாரியில். புரட்டாசியில் கறியும் தொடமாட்டோம், இதையும் தொடமாட்டோம், அது பாட்டுக்கு அடங்கிக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு எடுக்கலாம். மட்டன் கறியும் பிரியாணியும் சாப்பிட்ட பிறகு, ஃப்ரீசரிலிருந்து நேராகச் சின்னக் கிளாசில், வேறெதுவும் கலக்காமல். லோட்ஷெடிங்கில் ஃப்ரீசர் நின்றாலும் இதற்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கும் மீனைப் பற்றிக் கவலைப்படுங்கள். வெளிச்சம் படாமல் வைத்து ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள். பழசானால் டர்பன்டைன் வாடை எட்டிப்பார்க்கும். சொந்தக்காரர்களுக்குப் பாட்டிலாகக் கொடுக்கலாம், லைசென்ஸ் இல்லாமல் விற்கக் கூடாது.

கடையில் வாங்குவதென்றால், நிறத்தைப் பார்க்காமல் லேபிளைப் படியுங்கள். லெமன் தோல் ஊறியது என்று போட்டிருக்க வேண்டும். சாயமும் வாசனைப் பொருளும்தான் முதலில் வருகிறதென்றால் திரும்ப வைத்துவிடலாம். நீங்கள் வாங்கியது அந்த வகையாக இருக்கும். வில்லா மாஸ்ஸா சொரெண்டோப் பக்கத்துச் சரக்கு, 30 சதவீதம். பல்லினி ரோம் கம்பெனி, அமால்ஃபி லெமன், 26. லுக்ஸார்டோ 27. பாட்டில் கழுத்தில் எண்ணெய் வளையம் தெரிந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள், உள்ளே நிஜமான தோல் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். ஆதி லிமோன்செல்லோ எங்களுடையது என்று காப்ரி, சொரெண்டோ, அமால்ஃபி மூன்றும் சண்டை போடும். அந்தப் பேரை வியாபார முத்திரையாகப் பதிந்தது 1988இல் காப்ரிக்காரர் மாஸ்ஸிமோ கனாலே. லேபிளில் எத்தனை தலைமுறைக் கதை எழுதியிருந்தாலும் அதற்காகக் கூடுதல் ராண்ட் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே செய்து வைத்த பாட்டில்களைக் கொட்ட வேண்டாம். இன்னொரு 750 மில்லி கேனில் வெள்ளை ஒட்டாத புதுத் தோலை இரண்டு வாரம் ஊறவைத்து, வடித்து, பாகு எதுவும் சேர்க்காமல் உங்கள் பழைய சரக்கோடு சரிபாதியாகக் கலந்துவிடுங்கள். 16ம் 43ம் சேர்ந்து 29 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும், உறையாது. கசப்பும் பாதியாகும். இனிப்பும் பாதியாகிவிடும் என்பதால் நாக்கு கேட்டால் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரையை நேரடியாகப் போட்டு, கரையும் வரை குலுக்குங்கள், தண்ணீர் மட்டும் சேர்க்காதீர்கள். உங்களிடம் இரண்டு லிட்டர் இருப்பதால் முழுவதையும் மீட்க மொத்தம் மூன்று பாட்டில் கேன் வேண்டும். அவ்வளவு செலவு வேண்டாமென்றால் ஒரு பாட்டிலளவு மட்டும் சரிசெய்துகொண்டு, மிச்சத்தை அப்படியே ஃப்ரீசரில் உறையவிட்டு முள்கரண்டியால் சுரண்டி, டிசம்பர் வெயிலில் சோடா ஊற்றிக் கொடுங்கள், யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.